34 பைட் பாஸ்போர்ட் படம்

பாஸ்போர்ட் அளவுப் படம் 34 பைட்டில் இருக்க வழியே இல்லை. அது தெரிய கோட் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அப்படி ஒரு படம் எங்கள் சர்வரில் பதினோரு நாளாக உட்கார்ந்திருந்தது. அதை உள்ளே விட்ட கோட் நான் எழுதியது.

ஒரு விண்ணப்பப் படிவம். பெயர், பிறந்த தேதி, ஒரு புகைப்படம், இரண்டு சான்றிதழ். டிஸ்க்கில் எது இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பதற்காகப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கினேன். பெரியது மேலே வரும் என்று நினைத்து அழுத்தினால், தலைகீழாக அடுக்கிக்கொண்டு சிறியது மேலே வந்து நின்றது. முதல் வரியில் 34. அடுத்த வரியில் பதினெட்டாயிரத்துச் சொச்சம். நடுவில் ஒன்றும் இல்லை.

எடிட்டரில் திறந்தேன். முதல் ஆறு எழுத்து 'ஜிஐஎஃப்89ஏ'. எந்த ஜிஃப் படத்தைப் பிரித்தாலும் தலைமாட்டில் இந்த மாதிரிதான் இருக்கும். மீதி 28 எழுத்தில், சர்வரில் ஓடும் நிரல் மொழியான பிஎச்பியில் ஒரே ஒரு வரி: முகவரியோடு சேர்த்து யார் எதை எழுதி அனுப்பினாலும் அதைச் சர்வருக்கான கட்டளையாக எடுத்து ஓட்டு. கோப்பின் பெயர் 'போட்டோ.ஜிஃப்.பிஎச்பி'.

அது ஓடவில்லை. அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், இரண்டு மாதம் முன்பு டிஸ்க் நிரம்பியபோது சர்வரைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் அந்த ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, கோப்புகளை இருக்கிறபடியே எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு சர்வரை அதன் முன்னால் நிறுத்தியிருந்தார். அங்கே பிஎச்பி நிறுவவே இல்லை. யார் எதைக் கேட்டார் என்று சர்வர் குறித்துவைக்கும் லாக்கைப் புரட்டினேன். அந்தக் கோப்பை மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் போன பதில் 34 பைட். கேட்டவருக்கு அவர் எழுதிய வரியே திரும்பிப் போயிருக்கிறது. அலுத்துப்போய் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கோட் என்னவெல்லாம் பார்த்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்று, பிரவுசர் சொல்லும் கோப்பு வகை 'இமேஜ்' என்று தொடங்குகிறதா. இரண்டு, கோப்பின் உள்ளே பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்இன்ஃபோ' படம் என்கிறதா. மூன்று, பெயரில் புள்ளி ஜேபிஜி, புள்ளி பிஎன்ஜி, புள்ளி ஜிஃப் இவற்றில் ஒன்று இருக்கிறதா. மூன்றையும் அந்த 34 பைட் தாண்டிவிட்டது. திருட்டுத்தனமாக நுழையவில்லை, கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு நேராக வந்திருக்கிறது.

முதல் கேள்வி ஏன் கேள்வியே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, கம்பி வழியாக என்ன வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1995 நவம்பரில் ஜெராக்ஸைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபெல், லாரி மாசின்டர் இருவரும் எழுதிய இணைய விதிமுறை ஆவணம், ஆர்எஃப்சி 1867தான் படிவத்தோடு கோப்பு அனுப்பும் முறையை வகுத்துக் கொடுத்தது. 'மல்டிபார்ட் ஃபார்ம் டேட்டா' என்று நாம் இன்றும் எழுதுவது அதில் வந்ததுதான். அனுப்பும் மொத்தத்தையும் ஒரு எல்லைக் கோடு போட்டுத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் சில வரிகள் இருக்கும்: இந்தப் புலத்தின் பெயர் இது, கோப்பின் பெயர் இது, வகை இது. பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே கோப்பின் பைட்டுகள். அவ்வளவுதான்.

அந்தத் தலைப்பு வரிகள் முழுக்க அனுப்புகிறவர் எழுதுபவை. பிரவுசர்தான் எழுதவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கட்டளை தட்டியே இணையத்தில் எதையும் அனுப்பும் 'கர்ல்' கருவி வைத்திருக்கும் எவரும் பெயரையும் வகையையும் கையால் தட்டி அனுப்பலாம். கூரியர் பெட்டியின் மேல் 'உள்ளே புத்தகம்' என்று எழுதியிருப்பது மாதிரி. எழுதியவர் பொய் சொல்லவேண்டும் என்பதுகூட இல்லை, தெரியாமலும் தப்பாக எழுதுவார். பிரவுசர் பொதுவாகக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, கணினியில் அதற்கு என்ன பதிந்திருக்கிறதோ அதைச் சொல்லிவிடும். எக்செல் நிறுவியிருக்கும் விண்டோஸ் கணினியிலிருந்து ஒருவர் காற்புள்ளி இட்ட வெறும் உரையான சிஎஸ்வி கோப்பு அனுப்பினால், அது எக்செல் கோப்பு என்ற அடையாளத்தோடு வந்து சேருவதுண்டு. அவரை நம் கோட் விரட்டிவிடும். 34 பைட்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கும்.

படிவத்திலேயே 'அக்செப்ட்' என்று போட்டு வகையைக் கட்டுப்படுத்தலாமே, ஜாவாஸ்கிரிப்டில் அளவைப் பார்த்துவிடலாமே என்றால், தாராளமாகப் பார்க்கலாம். 40 எம்பி வீடியோவைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தவரை ஐந்து நிமிடம் காக்கவைத்துவிட்டு 'முடியாது' என்று சொல்லாமல், அங்கேயே சொல்லிவிடுவது மரியாதை. அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. பிரவுசரில் நடப்பது அவர் வீட்டில் நடப்பது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு இன்னும் வெட்கம். பெயரைச் சோதிக்கும் என் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் (எழுத்துகளைத் தேடும் வாய்பாடு) கடைசியில் ஒரு டாலர் குறி இருந்திருக்க வேண்டும். 'பெயர் இதோடு முடிகிறதா' என்று கேட்பது அந்தக் குறிதான். அதை விட்டதால் 'பெயரில் எங்காவது இது இருக்கிறதா' என்று ஆகிவிட்டது. போட்டோ.ஜிஃப்.பிஎச்பியில் ஜிஃப் இருக்கத்தானே செய்கிறது.

டாலர் போட்டால் தீர்ந்ததா என்றால், முழுதாக இல்லை. பெயரின் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்கு முன்னாலேயே டாலர் திருப்தியடைந்துவிடும். பின்சாய்கோடும் சின்ன இஸட்டும் போட்டால்தான் நிஜமான கடைசி. இதை யாராவது கவனிப்பார்களா என்று தோன்றலாம். அப்பாச்சி வெப் சர்வரிலேயே 2.4.0 முதல் 2.4.29 வரை இதே ஓட்டை இருந்தது. 'ஃபைல்ஸ்மேட்ச்' என்ற கட்டளையில் எழுதும் டாலர் புதுவரிக்கு முன்னால் நின்றுவிடும் என்பதால், அப்லோட் செய்த கோப்பின் வாலை மட்டும் பார்த்துத் தடுப்பவர்களைத் தாண்டிவிடலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-15715 என்று எண்ணும் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

எக்ஸ்டென்ஷனில் இன்னொரு வேடிக்கை. அப்பாச்சியின் கண்ணில் ஒரு கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன் இருக்கலாம். எந்த எக்ஸ்டென்ஷனை எது ஓட்டவேண்டும் என்று சொல்லும் 'ஆட்ஹேண்ட்லர்' வரியில் பிஎச்பியை இணைத்திருந்தால், போட்டோ.பிஎச்பி.ஜேபிஜி என்ற கோப்பையும் அது பிஎச்பியாக ஓட்டிவிடும். வால் சுத்தமாக ஜேபிஜிதான், டாலரும் சரியாக இருக்கிறது, இருந்தும் ஓடும். அதனால்தான் 'இன்னின்னது கூடாது' என்று தடைப் பட்டியல் போடுவதை நான் விட்டுவிட்டேன். பிஎச்பி கூடாது என்றால் 'பிஎச்டிஎம்எல்' என்ற வாலோடு வரும், அதைத் தடுத்தால் 'ஃபார்' என்ற பிஎச்பி பொட்டலமாக வரும், பெரிய எழுத்தில் வரும், எக்ஸ்டென்ஷனே இல்லாமல் 'புள்ளி எச்டிஅக்சஸ்' என்ற பெயரில் சர்வரின் விதிகளையே மாற்றும் கோப்பு வரும். எது வேண்டும் என்று மூன்றோ நான்கோ எழுதிவைத்து மற்றதை மறுப்பது சுலபம்.

இரண்டாவது கேள்வி, கோப்பின் தலை பைட்டுகள். இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிஎன்ஜி கோப்பு எதைத் திறந்தாலும் முதல் எட்டு பைட்டும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் இருக்கும் 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். மற்றவை அலங்காரத்துக்கு இல்லை. 137 என்பது 127க்கு மேல் இருப்பதால், ஏழு பிட் மட்டுமே கடத்தத் தெரிந்த பழைய வழியில் போனால் அது சிதைந்துவிடும், சிதைந்தது உடனே தெரியும். 13, 10 என்பது விண்டோஸ் பாணி வரி முடிவு, தனியே வரும் 10 யுனிக்ஸ் பாணி. கோப்பை உரை என்று நினைத்து எந்த மென்பொருளாவது வரி முடிவுகளை மாற்றித் தொலைத்தால் இவற்றில் ஒன்று கெட்டுப்போய்க் காட்டிக்கொடுக்கும். 26 என்பது டாஸ் காலத்துக் கோப்பு முடிவுக் குறி. யாராவது திரையில் கொட்டிப் பார்த்தால் குப்பை எழுத்துகள் ஓடாமல் அங்கேயே நின்றுவிடும். எட்டு பைட்டுக்குள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

ஜேபெக் (அதாவது ஜேபிஜி) 255, 216, 255 என்று தொடங்கும். ஜிப் கோப்பின் தலையில் இருக்கும் பி, கே இரண்டும் அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள். வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாம் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அவற்றுக்கும் அதே பிகேதான். தலையை மட்டும் பார்த்து இது வேர்ட் கோப்பா, விளையாட்டு மென்பொருளின் பொட்டலமா என்று சொல்ல முடியாது. சிஎஸ்விக்குத் தலையே கிடையாது, வெறும் உரை.

பிஎன்ஜிக்காரர்கள் இதையெல்லாம் வைத்தது வழியில் கோப்பு சேதமடைந்ததா என்று பார்ப்பதற்கு. அனுப்பியவர் யோக்கியரா என்று பார்க்க அல்ல. நாம்தான் அதை அடையாள அட்டையாக ஆக்கிக்கொண்டோம். ஆறு எழுத்தை யார் வேண்டுமானாலும் முன்னால் ஒட்டலாம். முழுசாக ஒரு நல்ல ஜேபெக்கை எடுத்து, அதன் குறிப்புப் பகுதிக்குள் பிஎச்பி வரியை வைக்கலாம். அப்போது படமும் ஒழுங்காகத் தெரியும். இன்னும் ஒரு படி மேலே: படம் காட்டும் மென்பொருள் கோப்பைத் தலையிலிருந்து படிக்கும், ஜிப் விரிக்கும் மென்பொருள் வாலிலிருந்து உள்ளடக்கப் பட்டியலைத் தேடும். ஒரு படத்தின் பின்னால் ஒரு ஜிப்பை ஒட்டிவைத்தால், ஒரே கோப்பு இரண்டு பேருக்கும் இரண்டாகத் தெரியும், இரண்டும் உண்மை. 2008இல் ஜிஃப்போடு, உள்ளுக்குள் ஜிப்பான ஜாவா நிரல் பொட்டலமான ஜார் கோப்பை இப்படி ஒட்டிக்காட்டி 'ஜிஃபார்' என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியென்றால் 'இது படமா?' என்ற கேள்விக்கு நேர்மையான பதில், 'படமும்தான்'.

நான் தொங்கிக்கொண்டிருந்தது இந்தக் கேள்வியில். இது என்ன, இது என்ன என்று கோப்பைக் குடைந்துகொண்டே இருந்தேன். எங்களைக் காப்பாற்றிய நண்பர் அதைக் கேட்கவே இல்லை. இந்த ஃபோல்டரில் இருப்பதை என்ன செய்யவேண்டும், அப்படியே எடுத்துக் கொடுக்கவேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். அவருக்குக் கோப்பு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். நான் அப்லோட் கோடை எழுதுவது இப்போது அந்தப் பக்கத்திலிருந்துதான்: இந்தக் கோப்பு வந்த பிறகு யார் யார் அதைத் தொடப்போகிறார்கள்?

எங்கள் படிவத்தில் புகைப்படத்தை மூன்று பேர் தொடுகிறார்கள். சிறிதாக்கும் கோட், டிஸ்க், பிறகு அதைத் திரையில் பார்க்கும் அலுவலரின் பிரவுசர்.

சிறிதாக்குவதிலிருந்து தொடங்குகிறேன். அனுப்பிய படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. திறந்து, பிக்சல்களை மட்டும் எடுத்து, எங்களுக்கு வேண்டிய அளவில் புதிதாக ஒரு ஜேபெக் எழுதிவிட்டு, வந்ததைத் தூக்கிப்போடுகிறோம். குறிப்புப் பகுதியில் ஒளிந்திருப்பது, வாலில் ஒட்டியிருப்பது எல்லாம் அதோடு போய்விடும். படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இடத் தகவலும் போய்விடும். விண்ணப்பதாரரின் வீடு எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பது எங்களுக்கு எதற்கு? ஆனால் முதல் வாரமே படங்களில் ஆளாளுக்குப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கேமரா படத்தைக் கிடையாகவே சேமித்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண்ணைப் போட்டுவைக்கும். குறிப்பைத் துடைத்தோம், திருப்பச் சொல்ல ஆளில்லை. முதலில் திருப்பு, பிறகு துடை. வரிசை முக்கியம்.

திறப்பதே ஆபத்து என்ற கட்டமும் உண்டு. 20,000 அகலம், 20,000 உயரம், முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு பிஎன்ஜி. சுருக்கி வைத்தால் அரை எம்பிகூட வராது, அளவுக் கட்டுப்பாட்டைச் சிரித்துக்கொண்டே தாண்டும். நினைவகத்தில் பிக்சலுக்கு 4 பைட் வீதம் விரித்தால் 160 கோடி பைட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் சர்வர் படுத்துவிடும். நல்லவேளையாக அகலமும் உயரமும் பிஎன்ஜியின் முதல் 24 பைட்டுக்குள்ளேயே எழுதியிருக்கும். விரிக்குமுன் அதைப் படித்துப் பெருக்கிப் பார்த்துவிட்டால் போதும். பைத்தான் மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் சுமார் 9 கோடி பிக்சலுக்கு மேல் போனால் தானே எச்சரிக்கிறது, அதன் இருமடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கிறது. ஜிப்பில் இந்த வித்தை இன்னும் பழையது. 42 கேபியில் இருந்துகொண்டு அடுக்கடுக்காக விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் கோப்பு ஒன்று வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் 2016 மே மாதம். ஏராளமான இணையதளங்கள் படத்தைச் சிறிதாக்க நம்பியிருந்த இமேஜ்மேஜிக் மென்பொருளில் 'இமேஜ்டிராஜிக்' என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டை வெளிவந்தது. ஜேபிஜி என்ற பெயரில் வேறொரு வடிவத்துக் கோப்பை அனுப்பினால், அது எக்ஸ்டென்ஷனை நம்பாமல் உள்ளே பார்த்து நிஜ வடிவத்தைக் கண்டுபிடித்து, அந்த வடிவத்துக்குரிய வெளி நிரலைக் கூப்பிடப்போய், கோப்பில் எழுதியிருந்த கட்டளையையே ஓட்டிவிடும். நாம் எல்லோருக்கும் 'எக்ஸ்டென்ஷனை நம்பாதே, உள்ளே பார்' என்றுதானே சொல்கிறோம். அதைச் சரியாகச் செய்ததால்தான் அது மாட்டிக்கொண்டது. படத்தைத் திறக்கும் வேலையை வெப் சர்வரிலிருந்து பிரித்து, எந்த உரிமையும் இல்லாத தனி ப்ராசஸில் வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இரண்டாவது ஆள் டிஸ்க். கோப்பு எங்கே இருக்கவேண்டும்? வெப் சர்வர் நேரடியாகப் பரிமாறும் ஃபோல்டருக்கு வெளியே. முடியாவிட்டால் எங்கள் நண்பர் செய்ததுபோல், எதையும் ஓட்டத் தெரியாத இடத்தில். 'ஃபோல்டருக்குள் ஒரு எச்டிஅக்சஸ் போட்டு பிஎச்பியை அணைத்துவிட்டேன்' என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை. ஜேக்வெரி ஃபைல் அப்லோட் என்று மிகவும் பிரபலமான ஒரு ப்ளக்இன். அப்லோட் ஃபோல்டரில் எச்டிஅக்சஸ் வைத்துத்தான் அதுவும் காவல் காத்தது. அப்பாச்சி 2.3.9 பதிப்பிலிருந்து, சர்வர்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் தவிர அந்தக் கோப்புகளைக் கண்டுகொள்வதில்லை என்று மாற்றிவிட்டார்கள். அது 2010. காவலாளி நின்றுகொண்டே இருந்தார், அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை. 2018இல்தான் இது சிவிஇ-2018-9206 என்று வெளியே வந்தது. எட்டு வருடம்.

அளவில் ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு அதிகம் புகார் வந்தது இதில்தான். பிஎச்பியில் ஒரு கோப்புக்கு இயல்பான உச்சவரம்பு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. கோப்பு மட்டும் பெரிதாக இருந்தால் பிழை எண் 1 என்று வந்து சொல்லும். மொத்தம் 8 எம்பியைத் தாண்டினாலோ, படிவத்தில் ஒன்றுமே வராது. கோப்பு இல்லை, பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை. நம் கோட் 'பெயரை நிரப்பவும்' என்று சிவப்பில் காட்டும். இருபது நிமிடம் உட்கார்ந்து நிரப்பியவர் என்ன நினைப்பார்? அனுப்பும் முறை போஸ்ட், உள்ளே காலி, ஆனால் தலைப்பில் சொன்ன நீளம் பெரிது என்றால் அது இந்தக் கதைதான் என்று பிடித்துச் சொல்லவேண்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் அதன் இயல்பான வரம்பு 1 எம்பி, பிஎச்பிக்குக் கோப்பு வந்து சேரவே சேராது, 413 என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும். இந்த எண்களைப் படிவத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. (பிஎச்பியின் பிழை எண்களில் 4க்கு அடுத்து 6 வரும். 5 எங்கே போனது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். இல்லை, அவ்வளவுதான்.)

பெயர் விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பாடு இருக்கிறது. கோப்பின் பெயரில் '..' போட்டு மேல் ஃபோல்டருக்கு ஏறிவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் பெயரைச் சுத்தம் செய்கிறோம். சுத்தம் என்பதை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஆங்கில எழுத்து. பைத்தான் உலகில் ஃபிளாஸ்க் என்ற இணையதளச் சட்டகத்தில் எழுதுகிறவர்கள் நம்பும் வெர்க்சூக் நூலகத்தின் 'செக்யூர் ஃபைல்நேம்', ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி பட்டியலுக்கு வெளியே இருப்பதையெல்லாம் வழித்து எறிந்துவிடும். 'விண்ணப்பம்' என்று பெயர் வைத்த ஒரு பிடிஎஃப்பை அதனிடம் கொடுத்தால், திரும்பி வருவது முன்னால் புள்ளிகூட இல்லாத பிடிஎஃப் என்ற மூன்று எழுத்து. எக்ஸ்டென்ஷன் போய்விட்டதால் அடுத்த வரியில் இருக்கும் சோதனை 'இந்த வகை அனுமதியில்லை' என்று தள்ளிவிடும். இன்னொரு பைத்தான் சட்டகமான ஜாங்கோ கொஞ்சம் தாராளம், யூனிகோட் எழுத்துகளை விட்டுவைக்கும். ஆனால் அதன் கணக்கில் எழுத்து என்பது எழுத்து மட்டும், கொம்பும் காலும் புள்ளியும் சேராது. விண்ணப்பம் உள்ளே போய் 'வணணபபம' என்று வெளியே வரும். கையால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுகிறவர்கள் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்க்காவிட்டால் இதேதான் நடக்கும்.

சரி, சேர்த்துவிட்டோம். அப்போதும் முடியவில்லை. விண்ணப்பம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறி, டிஸ்க்கில் 30 பைட். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. '100 எழுத்துக்குள் இருக்கிறதா' என்று பார்த்து அனுமதித்த பெயர், எழுதும்போது தோற்றுப்போகும். 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் 'ஓ'கார உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். தேடும்போது 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வரும், ஃபோல்டரைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கும். இப்படி ஒரு கோப்பை இரவு பத்து மணிக்குத் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஆகவே பெயரைச் சுத்தம் செய்வதையே விட்டுவிட்டோம். அவர் வைத்த பெயர் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையில் அவர் எழுதியபடியே இருக்கிறது, காட்டுவதற்கு மட்டும். டிஸ்க்கில் இருப்பதற்கு நாங்களே 32 எழுத்தில் குருட்டாம்போக்கில் ஒரு பெயர் வைக்கிறோம், எக்ஸ்டென்ஷனும் எங்கள் பட்டியலிலிருந்து. இறக்கும்போது பழைய பெயரைத் தலைப்பு வரியில் யூனிகோடாக அனுப்ப 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 வழி சொல்கிறது. 2015இன் ஆர்எஃப்சி 7578, அனுப்பிய பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதே, அதில் ஃபோல்டர் பாதை இருந்தால் எடுத்துக்கொள்ளாதே என்று நேராகவே எச்சரிக்கிறது.

மூன்றாவது ஆள், பார்க்கிறவரின் பிரவுசர். அதற்கும் உள்ளே மோந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது. படம் என்று அனுப்பியதில் எச்டிஎம்எல் வாசனை வந்தால் எச்டிஎம்எல்லாகக் காட்டிவிடுவேன் என்று பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அடம்பிடித்தது. அதைத் தடுக்கத்தான் 'நோஸ்னிஃப்' என்ற தலைப்பு எக்ஸ்ப்ளோரர் 8இல் வந்தது, இன்றும் போடவேண்டும். எஸ்விஜி என்ற வகை படம்போலத் தெரிந்தாலும் அது எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய உரை, உள்ளே ஸ்கிரிப்ட் வைக்கலாம், அலுவலர் தனியாகத் திறந்தால் அவருடைய லாகின் உரிமையோடு ஓடும். பாஸ்போர்ட் படத்தை யாரும் எஸ்விஜியில் எடுப்பதில்லை, அதனால் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. சான்றிதழ் பிடிஎஃப்பைப் பக்கத்துக்குள் காட்டாமல் பதிவிறக்கமாகவே கொடுக்கிறோம். அலுவலர்களுக்கு இது பிடிக்கவில்லை, கூடுதலாக ஒரு கிளிக் என்கிறார்கள். இன்னும் இழுபறிதான். இறக்கியதை எக்செலில் திறப்பார்கள் என்றால் சிஎஸ்வியும் வம்புதான்: சமக்குறியில் தொடங்கும் கட்டத்தை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும்.

வைரஸ் ஸ்கேனரும் வைத்தோம். 68 எழுத்தில் ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது, தீங்கில்லாதது, எல்லா ஸ்கேனரும் அதைப் பார்த்துக் கத்தவேண்டும் என்று ஒப்பந்தம். அனுப்பினேன். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. ஸ்கேனர் சேவை அன்று காலையே விழுந்துகிடந்திருக்கிறது. இணைப்பு கிடைக்காததை என் கோட் 'வைரஸ் எதுவும் சொல்லவில்லை' என்று புரிந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், நாங்கள் மறுக்கும் கோப்புகளைத் திறந்து பார்த்தால் அநேகமாக எல்லாம் நல்லவர்களுடையது. ஐஃபோன் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து படங்களை ஹெய்க் என்ற வேறொரு பட வடிவத்தில் சேமிக்கிறது. யாரோ 'ஜேபிஜிதான் வேண்டுமாம்' என்று சொல்ல, இவர் பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி அனுப்புகிறார். திருத்திய எங்கள் சோதனையின் பார்வையில் அவரும் 34 பைட்காரரும் ஒரே குற்றவாளிகள், பெயர் ஒன்று சொல்கிறது, தலை வேறு சொல்கிறது. இப்படி மாட்டிய எல்லோருக்கும் 'தவறான கோப்பு' என்று ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒருவர் ஆறு முறை முயன்றிருக்கிறார், லாக்கில் இருக்கிறது, கடைசி முயற்சி கடைசி தேதி இரவு 11:52க்கு. இப்போது ஹெய்க்கை நாங்களே ஜேபெக்காக மாற்றிக்கொள்கிறோம். எப்படியும் புதிதாக எழுதத்தானே போகிறோம், பெயர் என்னவாக இருந்தால் என்ன.

சோதனைக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கோட் மாறும்போதும் அதிலிருக்கும் எல்லாமே படிவத்தின் வழியாக ஒருமுறை போய் வரும். அந்த 34 பைட் இருக்கிறது, 20,000 பிக்சல் சாம்பல் இருக்கிறது, வாலில் ஜிப் ஒட்டிய ஜேபெக், 11:52காரரின் சங்கடத்தை நினைவூட்ட என் படத்தையே பெயர் மாற்றி வைத்த ஒரு ஹெய்க், பிரிந்த ஓகாரத்தோடு 'கோப்பு' என்ற பெயருள்ள பிடிஎஃப். போன வாரம் ஒன்று சேர்ந்தது: சுழியம் பைட், பெயர் சரி, வகை சரி. பிழை எண்ணும் 0 என்றே வந்தது, அதாவது பிழை இல்லை என்று பொருள். பாதியில் நின்றுபோன ஒத்திசைவில் ஃபோனிலிருந்து யாரோ அனுப்பியது. என் கோட் அகலத்தை உயரத்தால் வகுக்கப் போய் விழுந்தது.